பாலத் தெருவா, மேட்டுத் தெருவா

விளையாடுகிறவருக்குப் பின்னால் உட்கார வேண்டும், பேசக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது என்று கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் இந்த அலுவலகத்தில் விதி எழுதி ஒட்டியவளே ஹெப்சிபாதான். அதனால் இப்போது வாயை மூடிக்கொண்டு தன் புருஷனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. பெருங்குடியில் மூன்றாவது மாடி, சனிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால். சோதனை ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருந்த கல்லூரிப் பெண் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டாள், திங்கட்கிழமைக்குள் ஒருவராவது முதலிலிருந்து நாலாம் நாள்வரை ஆடி முடிக்க வேண்டும், வேறு ஆளில்லை, தவசிங்குக்குப் பள்ளி விடுமுறை. "எனக்கு சீட்டே ஒழுங்கா ஆடத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே பஸ் பிடித்து வந்துவிட்டார், தோளில் ஒரு பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், ஏதோ பரீட்சைக்கு வந்தவர்போல இரண்டு பேனா. சட்டைக் காலரின் உள்பக்கத் துணிச்சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கையை நீட்டினால் எட்டும், உள்ளே தள்ளிவிடலாம், பதினேழு வருஷமாகத் தள்ளிவிட்ட கைதான், ஆனால் விதி விதிதான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். கேள்வி திரையில் வந்து ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. இதுவரை ஆடிய பதினான்கு பேரும் சராசரியாக நாற்பது வினாடியில் முடிவெடுத்திருந்தார்கள்.

கேள்வி இதுதான். ஆட்டத்தின் பெயர் 'லைன்மேன்'. அலையூர் என்று ஒரு கடலோர ஊர், புயல் அடித்துப் போட்டுவிட்டது, கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடக்கின்றன. ஆடுகிறவர்தான் லைன்மேன் செல்லையா. ஒரு நாளைக்கு ஒரு தெருவுக்கு இழுக்கத்தான் கம்பி இருக்கிறது, எந்தத் தெருவுக்கு முதலில் கரண்ட் கொடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாலாம் நாள் மிச்சம் இரண்டு தெரு. பாலத் தெருவில் மரியபுஷ்பம் என்கிறவள் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருநூறு முட்டை வைத்திருக்கிறாள், நாலு நாளாகக் கரியடுப்பை மூட்டி மூட்டிச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாள், கண் இரண்டும் சிவந்து கிடக்கின்றன. மேட்டுத் தெருவில் ஆபிரகாம் என்று ஒரு தகப்பன், மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், புயல் செய்தியைக் கேட்டு எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்தோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், தகப்பனின் ஃபோன் செத்துக் கிடக்கிறது. அவ்வளவுதான். யாரும் சாகப் போவதில்லை. முதலில் எழுதியபோது மேட்டுத் தெருவில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருக்கும் ஒரு நோயாளியைத்தான் வைத்திருந்தாள், ஆடியவர்கள் எல்லாரும் நாலே வினாடியில் மேட்டுத் தெருவை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, சரியான விடை ஒன்று இருந்துவிட்டால் அது கணக்குப் பாடம், அதில் மனுஷனுக்கு வேலை இல்லை. நோயாளியை எடுத்துவிட்டு ஒரு செத்த ஃபோனை வைத்தாள். அதற்குப் பிறகு ஆடியவர்கள் கொஞ்சம் தலையைச் சாய்க்க ஆரம்பித்தார்கள். அந்தச் சாய்ப்புக்காகத்தான் இந்த வேலை, இல்லாவிட்டால் எதற்கு, யாரோ ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஊரின் இல்லாத மனுஷனுக்காக ஒரு நிமிஷம் கழுத்தைச் சாய்க்கிறார், அதைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதில் உள்ள சந்தோஷத்தை வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்று நிமிஷம். தவசிங் தலையைச் சாய்க்கவில்லை, செல்லையாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி பாலத் தெருவுக்கு நடக்கிறார். அம்புக்குறி பொத்தானை ஒரே விரலால், சுட்டுவிரலால், அழைப்பு மணி அடிக்கிற மாதிரி அமுக்குகிறார், செல்லையா தத்தித் தத்திப் போகிறான், சுவரில் முட்டுகிறான், திரும்புகிறான். மரியபுஷ்பத்திடம் மறுபடி பேச்சுக் கொடுக்கிறார். அவள் முன்பு சொன்னதையே சொல்கிறாள், ஏனென்றால் அவளுக்கு அந்த மூன்று வாக்கியம்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மூன்றையும் தவசிங் ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறார், விடைத்தாள் திருத்தும்போது படிப்பதுபோல, புதிதாக ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று. ஹெப்சிபா மனசுக்குள்ளேயே கெஞ்சினாள். அத்தான், அமுக்குங்க, எதையாவது அமுக்குங்க. ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. புதன்கிழமைதான் யூசுப் வந்து அவள் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, நல்ல மனுஷன், இந்தக் கம்பெனியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவன், தயங்கித் தயங்கித்தான் சொன்னான்: "ரெண்டு தெருவுக்கும் மறுநாளைத் தனித்தனியா வரைய ஆளில்லை ஹெப்சி. எந்தத் தெருவை எடுத்தாலும் அதே அஞ்சாம் நாள் வந்துடட்டும். எல்லாரும் ஒரு தடவைதான் ஆடப் போறாங்க, யாருக்குத் தெரியப் போகுது?" அவளும் சரி என்றாள். சரி என்று சொன்ன வாய் இதுதான். இப்போது திரையில் இருப்பது அதுதான், இரண்டு பொத்தான், இரண்டுக்கும் பின்னால் ஒரே வாசல். எதை அமுக்கினாலும் பொழுது விடியும், மழை தூறும், செல்லையாவின் ஏணி உடைந்திருக்கும், "நன்றி அண்ணே" என்று ஒரு குரல் கேட்கும், அந்தக் குரல் மட்டும் ஆணா பெண்ணா என்று மாறும். இதற்காக ஒரு மனுஷன் நாலு நிமிஷமாக வேர்த்துக்கொண்டிருக்கிறான். ஏ.சி. பதினெட்டில் ஓடுகிறது, அவர் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இறங்குகிறது.

ஒரு மனுஷன் யோசிப்பதை இப்படிப் பின்னாலிருந்து பார்ப்பது இது முதல் தடவை இல்லை என்ற எண்ணம் வந்தது, வந்த உடனே அதைத் தள்ளினாள், ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள், நாலு இருபது, கண்ணாடிக் கதவில் யாரோ ஒட்டிய பிறந்தநாள் அழைப்பைப் படித்தாள், அது திரும்ப வந்து முன்னால் நின்றது. நாகர்கோவில், வெட்டூர்ணிமடம் வீட்டு மொட்டைமாடி, ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு புதன்கிழமை சாயங்காலம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கயிறுவரை, கொடிக்கயிற்றிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நடந்துகொண்டிருந்தார், அவள் காய்ந்த துணியை எடுக்கும் சாக்கில் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சென்னையில் இந்த வேலை கிடைத்திருந்தது. அவர் அங்கே பதினான்கு வருஷம் வேதியியல் நடத்திய பள்ளிக்கூடம், அடுத்த ஜூனில் உதவித் தலைமையாசிரியர் ஆக்குவதாக நிர்வாகம் வாய்விட்டே சொல்லியிருந்தது. "யோசிச்சுச் சொல்லுங்க அத்தான், உங்க முடிவுதான்" என்று அவள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். அவர் யோசிக்கப் போனார். அவருக்கு யோசிப்பது என்றால் அது ஒரு வேலை, உடம்பால் செய்கிற வேலை, செவ்வாய், புதன், வியாழன் நடந்தார், பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து ஒருபக்கம் 'இருக்கலாம்', மறுபக்கம் 'போகலாம்' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாய் நிறைய நுரையோடு வந்து "போவோம் கேட்டியா" என்றார். அவள் கத்தினாள், குதித்தாள், நெசமாவா என்று இரண்டு தடவை கேட்டாள், கண்ணில்கூட நீர் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, வருகிறேன், ஒன்றாம் தேதி சேர்கிறேன் என்று சென்னைக்கு மெயில் எழுதி அனுப்பியிருந்தவள் அவள்.

அவள் திரும்பத் திரும்ப வந்து தடுக்கி விழுவது அந்த மெயிலில்கூட இல்லை. அதற்கு அவளிடம் பதில் இருந்தது, சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள், பிந்தினால் வேறு யாருக்காவது போய்விடும், அப்புறம் வேண்டாம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், நினைத்தாளா, இப்போது நினைத்ததாக நினைத்துக்கொள்கிறாளா. விழுவது அந்த முகத்தில். வெள்ளிக்கிழமை காலை அவள் வைத்துக்கொண்ட அந்த ஆச்சரியப்பட்ட முகம். அதை எங்கிருந்து எடுத்தாள்? ஒத்திகை பார்க்கவில்லை, கண்ணாடி முன் நிற்கவில்லை, அது தானாக வந்தது, அவ்வளவு நன்றாக வந்தது. அந்த முகத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார், நுரை தாடையில் வழிய, தன்னால் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்க முடிந்ததே என்று. பிறகு பெட்டி கட்டும்போது அந்தக் கேள்வித்தாள் கிடைத்தது. 'இருக்கலாம்' பக்கம் பதினொன்று எழுதியிருந்தார், ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டு. 'போகலாம்' பக்கம் ஒன்றே ஒன்றுதான், இலக்கம்கூட இல்லாமல்: 'ஹெப்சி சாப்பிடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள்.' அவளுக்கே அது தெரியாது. அவள் அந்தத் தாளைப் பழைய செய்தித்தாள் கட்டோடு வைத்துக் கட்டிவிட்டு, வைத்துக்கொள்ளத் தகுதியில்லாத பொருளைத் தொட்டதுபோல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏழு நிமிஷம். அவர் பையைத் திறந்தார். ஐயோ, வேண்டாம். பேனாவை எடுத்தார். சுற்றிப் பார்த்தார், மேஜையில் யாரோ விட்டுப்போன உணவகப் பொட்டலத்தின் பில் கிடந்தது, அதைத் திருப்பிப் போட்டார், நடுவில் ஒரு கோடு கிழித்தார். ஹெப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று மூக்குவரை வந்து நின்றது. இந்த மனுஷனை எப்படிச் சமாளிப்பது. இந்த மனுஷன் கடைக்குப் போனால் தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் திரும்ப வைப்பார், ஆட்டோக்காரர் எந்த வழியா போகட்டும் சார் என்று கேட்டால் உண்மையாகவே யோசிப்பார், ஆட்டோ நடுத்தெருவில் நிற்கும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். எத்தனை தடவை எரிச்சல் பட்டிருக்கிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், யாராவது ஒன்றைக் கேட்டால் நிஜமாகத்தான் கேட்கிறார்கள் என்று நம்புவதைத் தவிர அவர் வேறு என்ன தப்புச் செய்தார்? அவள் பிழைப்பு முழுவதும் இப்படிப்பட்ட ஒரு ஆள் வந்து உட்கார மாட்டாரா என்று காத்திருக்கும் பிழைப்பு, அந்த ஆள் பதினேழு வருஷமாக பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறார், அவரிடம்தான் ஒரே வாசலுக்கு இரண்டு பொத்தான் வைத்தாள். ஒரு தடவை. ஒரு தடவைதானா? யார் கல்யாணத்துக்கோ கட்ட நீலச் சேலை எடுக்கவா பச்சை எடுக்கவா என்று கேட்டபோது நீலம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. அம்மாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது அம்மா ரயில் ஏறியிருந்தாள். எல்லாம் சின்னது, எல்லா வீட்டிலும் நடப்பது, அவரும் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார், அதுதானே, ஆகட்டும் என்பார் என்ற தைரியம்தானே. தெரிந்துபோனால் என்ன செய்வார்? கோபப்பட மாட்டார். பயம் அதுதான். இனிமேல் அவள் எதைக் கேட்டாலும், காப்பியா டீயா என்று கேட்டாலும், யோசிப்பதை நிறுத்திவிடுவார், உன் இஷ்டம் என்று விடுவார், அந்த நடை நின்றுபோகும்.

பத்து நிமிஷம் நாற்பது. பில்லின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், நிமிர்ந்து உட்கார்ந்தார், செல்லையாவை இழுத்துக்கொண்டு, முட்டாமல் மோதாமல் இப்போது நேராகவே ஓட்டினார், பாலத் தெருக் கம்பத்தடிக்குப் போனார். பதினொரு நிமிஷம் பன்னிரண்டு வினாடியில் அமுக்கினார். மரியபுஷ்பத்தின் வீட்டு விளக்கு எரிந்தது. "நன்றி அண்ணே" என்றது பெண் குரல். திரை இருண்டு, விடிந்து, மழை தூறியது, ஏணி உடைந்து கிடந்தது. 'நான்காம் நாள் முடிந்தது' என்று எழுத்து வந்தது. தவசிங் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு நாற்காலியோடு திரும்பினார். முகம் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்போல வெளிறியும் தெளிந்தும் இருந்தது.

"ஏன் ஹெப்சி, மேட்டுத் தெருவுல அந்த ஆபிரகாம் என்ன செஞ்சாரு?"

சோதனை ஆட்டம் முடிந்ததும் கேட்க வேண்டிய எட்டுக் கேள்வி அவள் கையிலிருந்த அட்டையில் இருந்தது. அவரோ அவளைக் கேட்கிறார்.

"எதுக்கு அத்தான்?"

"இல்ல, முட்டையைக் காப்பாத்தணும்னா இன்னைக்கே காப்பாத்தணும், ஃபோனை நாளைக்கும் போடலாம்னுதான் நான் இங்க வந்தேன். ஆனா அந்தப் பையன் இன்னைக்கு ராத்திரியோட கப்பல் கிளம்பினாம்னா? அதை நான் கேக்காம விட்டுட்டேன். அவன் கூப்பிட்டானா?"

கூப்பிடவில்லை. கூப்பிடாமலும் இல்லை. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, தெருவே இல்லை, அவர் பொத்தானை அமுக்கிய வினாடியே மேட்டுத் தெரு கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து அழிந்துபோனது. இதையெல்லாம் ஆடுகிறவரிடம் சொல்லக் கூடாது என்பதும் அவள் எழுதிய விதிதான்.

"ஒண்ணும் நடக்கல" என்றாள். "எதை அமுக்கினாலும் ஒண்ணுதான் அத்தான். ரெண்டுக்கும் மறுநாள் ஒண்ணேதான் போட்டிருக்கு. வரைய ஆளில்லைன்னு."

அவர் திரையைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், சிரித்தார். "அடக் கஷ்டமே. பதினோரு பாயிண்ட் எழுதினேன்." பில்லை நாலாக மடித்தார். அந்தப் பதினொன்று என்ற எண் அவளைத் தூக்கிப் போட்டது. இங்கே நிறுத்திக்கொள்ளலாம். அவர் சிரித்துவிட்டார், முடிந்தது, இதோடு எழுந்து சாப்பிடப் போகலாம், எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும். அதுவும் ஒரு பொத்தான்தான், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது.

"அத்தான், நாகர்கோவில்ல வச்சு உங்ககிட்ட கேட்டேன்லா, போவோமா இருப்போமான்னு. செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

"ஆமா."

"அன்னைக்குக் காலைலயே நான் வாறேன்னு எழுதி அனுப்பிட்டேன். வடசேரி பஸ் ஸ்டாண்டுல வச்சு. உங்ககிட்ட கேட்டது அதுக்கு அப்புறம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அவர் முகம் எப்போதும் கொஞ்சம் இளையதாகத் தெரியும், இப்போது அப்படித் தெரியவில்லை. மேலே ஏ.சி. ஒரு சத்தம் போட்டு நின்று மறுபடி ஓடியது. அவர் அந்த மொட்டைமாடியில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, தொட்டியிலிருந்து கயிறுவரை, கயிற்றிலிருந்து தொட்டிவரை, மூன்று நாளும் திரும்ப நடக்கிறார், இந்தத் தடவை படிக்கட்டில் நிற்கிறவளையும் பார்த்துக்கொண்டு. நடக்கட்டும். அவள் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தாள், அதைச் சொன்னால் அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டும், அதுவும் ஒரே வாசல்தான் என்று பட்டது, சொல்லைத் திரும்ப வைத்துவிட்டாள். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"வந்திருப்பேன்" என்றார் கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். ஆனா வராம இருக்கவும் முடிஞ்சிருக்கணும்லா?"

"ஆமா" என்றாள்.

"முடிஞ்சிருக்குமா? நான் இருப்போம்னு சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு திரும்ப எழுதியிருப்பியா?"

எழுதியிருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதே முகம்கூடத் தயாராக வந்து நின்றது. "தெரியல அத்தான்" என்றாள். "நெசமாவே தெரியல."

அவர் தலையாட்டினார், மெல்ல, கணக்கின் ஒரு படியைச் சரிபார்ப்பதுபோல. "அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு எனக்கு இது கிடந்து உறுத்தும். நீ சும்மா சும்மா மூஞ்சியைப் பாக்காதே, கேட்டியா."

அவள் நேராக யூசுப்பின் அறைக்கு நடந்தாள். மேட்டுத் தெருவுக்குத் தனியாக ஒரு மறுநாள் செய்ய மூன்று வாரம் வேண்டும் என்றாள். யூசுப் நெற்றியைத் தேய்த்தான், வெளியிடும் தேதியைச் சொன்னான். "அப்போ அந்தக் கேள்வியையே எடுத்துடறேன்" என்றாள். "செல்லையா தானா பாலத் தெருவுக்குப் போகட்டும். கேட்டா நெஜமாக் கேக்கணும் யூசுப், இல்லாட்டி கேக்கவே கூடாது." அவன் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தான். பத்து நாள் தருகிறேன், புதுப் படம் ஒன்றுகூடக் கேட்கக் கூடாது, இருப்பதை வைத்துச் செய் என்றான். பத்து நாள். படம் இல்லாமல் ஒரு ஃபோன் மணி அடிக்கலாம். இருட்டுத் திரையில், வெறும் மணி. எடுத்தால் கப்பல் சத்தம், எதிர்ப்பக்கம் ஒரு பையன் மூச்சுவிடுகிறான், அப்பா என்கிறான். பாலத் தெருவில் மறுநாள் பெட்டியைத் திறந்தால் முட்டை ஓடு விரியும் சத்தம், அல்லது இல்லை. திரும்பி வருகிற நடைபாதையிலேயே மரியபுஷ்பத்துக்கு நாலாவது வாக்கியம் கிடைத்துவிட்டது, மறக்காமலிருக்க அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தவசிங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தார். இருவரும் கீழே இறங்கினார்கள். வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது, தண்ணீர் லாரி ஒன்று சாலையை நனைத்துக்கொண்டு போனது. இடது பக்கம் போனால் மீன் குழம்பு போடுகிற மெஸ், வலது பக்கம் ஒரு சைவக் கடை, இரண்டும் ஒரே தூரம்.

"எங்க சாப்பிடுவோம் அத்தான்?" என்று கேட்டாள், கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தன் காதில் விழுந்தது.

அவர் அவளைப் பார்த்தார். "ஏற்கெனவே எங்கயும் சொல்லி வச்சிருக்கியா?"

"இல்ல."

அவர் உடனே நம்பிவிடவில்லை. அவள் முகத்தை ஒரு நிமிஷம், கடையில் தக்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வாசலிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. காவலாளி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், தள்ளி நின்றும் யோசித்தார். அவளுக்கு மீன் குழம்புதான் வேண்டியிருந்தது, காலையிலிருந்தே நாக்கில் இருந்தது, அதை மூஞ்சியில் காட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிக்னல் ஒரு தடவை மாறியது, இன்னொரு தடவை மாறியது. அவர் வலது பக்கம் திரும்பி நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.